குளம் இல்லாத வீட்டுக்கு மீட்கப்பட்ட கூஸ் வாத்துகளை எடுத்து வரலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: முன்பு வளர்த்தவர் கைவிட்ட மூன்று கூஸ் வாத்துகள் ஒரு மீட்பு இல்லத்தின் சிமென்ட் முற்றத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள நினைக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஆறு கோழிகள், காலியாக ஒரு பழைய கோழிக்கூண்டு, 30 அடிக்கு 40 அடி புல்தரை ஆகியவை இருக்கின்றன, குளம் இல்லை. குளம் இல்லாமல் வளர்க்க முடியுமா, அது வருவதற்குள் என்னவெல்லாம் தயார் செய்ய வேண்டும் என்கிறீர்கள். என் பார்வையில் குளத்தைவிடப் பெரிய கேள்வி, ஒரு முறை வீடு இழந்த பறவை இன்னொரு முறை இழக்காமல் இருக்க உங்கள் இடமும் நேரமும் போதுமா என்பதுதான். நன்றாகப் பராமரித்தால் கூஸ் 20 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் கீழே எழுதுகிறேன். சின்ன வாத்தோடு குழம்பாமல் இருக்க, நீண்ட கழுத்துள்ள இந்தப் பெரிய வாத்தை முழுக்க கூஸ் என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள். கூஸ் கூட்டமாக வாழும் பறவை, இணையோடும் கூட்டாளியோடும் ஆழமாகப் பிணைந்துகொள்ளும். தனியாகப் பிரித்துக் கொண்டுவந்தால் வேலியோரமாக நடந்து நடந்து கத்தும், தீனியைத் தொடாது, எடை குறையும். கோழிகள் அதற்குத் துணையாகாது. மூன்றும் நெடுநாள் ஒன்றாக இருந்தவை என்றால் மூன்றையும் எடுங்கள். முடியாவிட்டால், எவை இரண்டு எப்போதும் ஒட்டியே மேய்கின்றன, ஒட்டியே உறங்குகின்றன என்று மீட்பு இல்லத்தாரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் பெரும்பாலும் ஒதுங்கியே இருக்கிறது, அதற்கு வேறொரு கூட்டத்தில் இடம் உறுதியாகியிருக்கிறது என்றால்தான் மற்ற இரண்டைப் பிரித்து எடுப்பது நியாயம். உங்கள் 1,200 சதுர அடி மூன்றுக்குப் போதும், ஆனால் புல் மட்டுமே ஆண்டு முழுவதும் அவற்றின் வயிற்றை நிரப்பாது. தீவனமும் கூடவே தர வேண்டியிருக்கும்.

ஆண், பெண் கணக்கையும் கேட்டு வையுங்கள். இரண்டு ஆணும் ஒரு பெண்ணும் என்றால் இனப்பெருக்கக் காலத்தில் சண்டை வரலாம். இடம் குறைவாக இருந்தால் அது காயத்தில் முடியும். குரலை வைத்துச் சொல்பவர்கள் உண்டு: ஆணின் குரல் கீச்சென்று உச்சத்தில் இருக்கும், பெண்ணின் குரல் தாழ்ந்து கரகரப்பாக இருக்கும். வளர்ந்த பறவையில் இது பெரும்பாலும் சரியாக வரும், ஆனாலும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பழகிய ஒருவர் கழிவாயைத் திறந்து பார்க்க வேண்டும், அல்லது இறகைக் கொண்டு மரபணுச் சோதனை செய்ய வேண்டும். பழக்கமில்லாத கை கழிவாய்ச் சோதனையில் பறவையைக் காயப்படுத்திவிடும்.

இப்போது தண்ணீர். குளம் இல்லாமல் கூஸ் வளர்க்கலாம். தலை முழுகும் தண்ணீர் இல்லாமல் வளர்க்க முடியாது. கண்ணையும் மூக்குத் துளைகளையும் அது தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தித்தான் கழுவுகிறது. கோழிக்கு வைக்கும் ஆழமற்ற தட்டுதான் கிடைக்கும் என்றால் சில வாரங்களில் கண்ணோரம் நுரையும் பிசுக்கும் சேரும், மூக்குத் துளையில் மண் காய்ந்து அடைக்கும். ஆகவே குடிக்கும் பாத்திரத்தில் தண்ணீர் குறைந்தது 6 முதல் 8 அங்குல ஆழம் இருக்கட்டும். 10 லிட்டர் வாளிகள் இரண்டு வைத்து, கவிழாதபடி பழைய டயருக்குள் இறக்கிவிடுங்கள். தினமும் மாற்றுங்கள். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் சேறாகிவிடும், அது இயல்புதான். குளிக்க 4 அடி விட்டமுள்ள தொட்டி போதும். ஓர் அடி உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 350 லிட்டர் பிடிக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதைக் காலி செய்து நிரப்ப உங்களிடம் தண்ணீரும், அழுக்கு நீர் போய்ச்சேர மரம் செடியும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நடைமுறையில் பலரைச் சோர்வடையச் செய்வது இந்த வேலைதான். தொட்டிக்கு வெளியே சரிவுப்பலகை, உள்ளே ஏறிவர இரண்டு செங்கல் படி கட்டாயம். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாமல் தவிக்கும் பறவை களைத்து மூழ்கக்கூடும்.

மீட்கப்பட்ட பறவைக்கென்று ஒரு எச்சரிக்கை. நெடுநாள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தவற்றின் இறகு நீர் ஒட்டாத தன்மையை இழந்திருக்கும். வால் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு இறகைக் கோதக் கோதத்தான் அந்தத் தன்மை திரும்பும். இப்படிப்பட்ட பறவையை முதல் நாளே ஆழமான தண்ணீரில் விட்டால் துணி போல நனைந்து, உடல் குளிர்ந்து, நடுங்கத் தொடங்கும். முதல் வாரம் பறவையின் முழங்கால் அளவே ஆழமுள்ள தண்ணீரில், நீங்கள் பக்கத்தில் நிற்க, பத்து நிமிடம் மட்டும் விடுங்கள். பிறகு வெயிலும் காய்ந்த வைக்கோலும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். நீர்த்துளி இறகின் மேல் முத்து முத்தாக உருண்டு விழத் தொடங்கியதும் நேரத்தைக் கூட்டலாம்.

கோழிக்கூண்டை அப்படியே தர முடியாது. கூஸ் கம்பில் ஏறி உறங்காது, தரையில்தான் படுக்கும். குறுகிய வாசலுக்குள் மூன்றும் ஒரே நேரத்தில் முட்டி நுழையும்போது இறக்கையும் காலும் அடிபடும். வாசல் இரண்டரை முதல் மூன்று அடி அகலம் இருக்கட்டும், படி இல்லாமல் தரை மட்டத்தில் இருக்கட்டும். உள்ளே ஒரு பறவைக்குக் குறைந்தது 10 சதுர அடி கணக்கு. மூன்றுக்கு 6 அடிக்கு 6 அடி அறை சரியாக இருக்கும். காற்றுப்போக்கி பறவையின் தலைக்கு மேலே அமைய வேண்டும், படுத்திருக்கும் மட்டத்தில் காற்று வீசக் கூடாது. தரையில் 4 முதல் 6 அங்குலம் வைக்கோலோ மரச்சீவலோ பரப்புங்கள். வைக்கோலை முகர்ந்து பார்த்து, பூஞ்சை வாடை வந்தால் ஒரு கைப்பிடிகூட உள்ளே போகக் கூடாது. நீர்ப்பறவைகளின் நுரையீரலைப் பிடிக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது, வந்தபின் குணப்படுத்துவது மிகக் கடினம். கோழிகளையும் கூஸையும் இரவில் ஒரே அறையில் அடைக்க வேண்டாம். கூஸின் எச்சத்தில் நீர் அதிகம், அறை ஈரமாகி அம்மோனியா வாடை ஏறும். கோழிகளின் மூச்சுக்குழாய்தான் முதலில் பாதிக்கப்படும்.

கூஸ் சத்தம் போட்டு எச்சரிக்கும் என்பதால் தன்னைக் காத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் பலர். நாய்க்கும் நரிக்கும் முன் அது எதுவும் செய்ய முடியாது. இருட்டும் முன் அடைத்துத்தான் ஆக வேண்டும். அறுகோணக் கண்ணி கொண்ட கோழிவலை பறவையை உள்ளே நிறுத்தும், நாய் பல்லை நிறுத்தாது. கொட்டகையின் திறப்புகளுக்கு அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் போடுங்கள். கனமான இனங்கள் பறக்காதவை, அவை வெளியேறாமல் இருக்க 4 அடி வேலி போதும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க 6 அடியும், அடியில் ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்த வலையும் தேவை. தாழ்ப்பாள் கையால் இழுத்தால் மட்டும் திறப்பதாக இருக்கட்டும், வெறும் கொக்கி போதாது.

புல்தரையைத் தயார் செய்வதில் பலர் தவறவிடுவது கம்பித்துண்டு. வேலி கட்டும்போது வெட்டி விழுந்த துத்தநாகம் பூசிய கம்பி, ஆணி, ஈயத்துண்டு எதையும் கூஸ், உணவை அரைக்கத் தான் விழுங்கும் சிறு கல் என்று நினைத்து விழுங்கிவிடும். அரைப்பையில் அது கரைந்து நஞ்சாகும்: கரும்பச்சைக் கழிச்சல், தள்ளாட்டம், தொங்கும் கழுத்து எல்லாம் தெரியத் தொடங்கும். காந்தத்தை இழுத்துக்கொண்டு தரை முழுக்க இரண்டு முறை நடங்கள். காந்தம் இரும்புக் கம்பியைப் பிடிக்கும், ஈயத்தைப் பிடிக்காது. ஆகவே பழைய பெயிண்ட் உதிர்ந்த இடம், பழைய குப்பை கிடந்த மூலை இவற்றைக் கண்ணாலும் தேட வேண்டும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்திருந்தால் அதன் பெயரோடு தயாரிப்பாளர் சொல்லும் மேய்ச்சல் இடைவெளியைப் பாருங்கள், அது முடியாமல் விடாதீர்கள். தரையை மூன்றாகப் பிரித்து, வாரம் பத்து நாளுக்கு ஒரு பகுதி என்று மாற்றி மேய விடுங்கள். கூஸுக்கு 2 முதல் 4 அங்குல இளம் புல்தான் பிடிக்கும், அதுதான் செரிக்கும். முழங்கால் உயரம் வளர்ந்து முற்றிய நார்ப்புல்லை இழுத்து விழுங்கினால் உணவுப்பையில் பந்தாகச் சிக்கிக்கொள்ளும்.

புல் குறைவான நாட்களில் ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 250 கிராம் உலர் தீவனம். பெரிய இனத்துக்கும் குளிர்காலத்துக்கும் மேல் எல்லை, நல்ல புல் இருக்கும்போது கீழ் எல்லை, அல்லது அதற்கும் குறைவு. நீர்ப்பறவைகளுக்கான பராமரிப்புத் தீவனம், புரதம் 14 முதல் 16 சதவீதம் உள்ளதாக வாங்குங்கள். உங்கள் கோழிகளின் லேயர் தீவனத்தை, அதாவது முட்டைக்கோழித் தீவனத்தை, தொடர்ந்து கொடுக்காதீர்கள். அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும், முட்டையிடாத பறவையின் சிறுநீரகம் அந்தச் சுமையைத் தாங்காது. முட்டையிடும் பெண்ணுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையானதைத் தானே எடுத்துக்கொள்ளும். ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்த கோழித்தீவனமும் வேண்டாம். அவற்றில் சில மருந்துகள் நீர்ப்பறவைக்கு ஆபத்தானவை, எது கலந்திருக்கிறது என்று பையில் தெளிவாக இல்லாதபோது ஒதுக்கிவிடுவதே நல்லது. தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் உலர் தீவனம் வைக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரவில் தண்ணீரை எடுத்துவிடுவதானால் தீவனத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். கூடவே கரையாத சிறு கற்கள் ஒரு தட்டில் எப்போதும் இருக்கட்டும்.

ரொட்டி வயிற்றை நிரப்பும், சத்து தராது. அவகாடோ பறவைகளுக்கு நஞ்சு, சாக்லேட்டும் அப்படியே. பூஞ்சை பிடித்த தானியமும் பிண்ணாக்கும் எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியவை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்துவிழுந்தபோது காரணம் தேடிப்போய்த்தான் பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். வாத்துக் குஞ்சுகள் அந்த நஞ்சுக்கு இன்னும் எளிதில் பலியாகும். சாக்கில் கட்டிதட்டிய தீவனத்தை உதிர்த்துக் காயவைத்துக் கொடுப்பது பயன் தராது. நஞ்சு வெயிலில் போகாது.

அழைத்து வரும் நாள். பெரிய நாய்க்கூடை, அடியில் வழுக்காத விரிப்பும் வைக்கோலும். வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். தூக்கும்போது காலைப் பிடித்தோ இறக்கையைப் பிடித்தோ தொங்கவிடக் கூடாது. ஒரு கையால் இரண்டு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, மறுகையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்க்கும்படி அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். அப்போது அலகு உங்கள் முகத்துக்கு எட்டாது, எச்சம்தான் முன்பக்கம் விழும். கழுத்தைத் திருப்பாமல் இருக்க லேசாகப் பிடிக்கலாம், உடல் எடை கழுத்தில் ஏறக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வண்டியை நிறுத்திக் காற்றோட்டம் கொடுங்கள்.

அடுத்த 30 நாட்களும் கோழிகளிடமிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் வைரஸை நீர்ப்பறவைகள் நோய்க்குறி எதுவும் காட்டாமலே சுமக்கக்கூடும். கோழிகளுக்கு அதே வைரஸ் உயிர் போகும் நோய். இடம் அனுமதிக்கும் அளவு தள்ளி வையுங்கள். முதலில் கோழி வேலை, கடைசியில் கூஸ் வேலை. இரண்டுக்கும் தனிச் செருப்பு, தனி வாளி. முதல் வாரத்தில் எச்ச மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அரைப்பைப் புழுவும் ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியும் மேய்ச்சல் தரைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே தெரிய வேண்டும். மருந்தின் அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும், கோழிக்கான அளவை நீங்களாகப் பெருக்கிக் கொடுக்காதீர்கள். முட்டை சாப்பிடுவதாக இருந்தால் மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் உங்கள் கைகள்தான் முக்கியமான கருவி. வாரம் ஒருமுறை கூஸை அணைத்துக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். சீன இனம் 4 முதல் 5 கிலோ இருக்கும், எம்டன் ஆண் 9 கிலோவைத் தாண்டும். ஆகவே எண்ணைவிட மாற்றம்தான் முக்கியம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள்: இரு பக்கமும் சதை நிரம்பி விளிம்பு மட்டும் லேசாகத் தட்டுப்பட்டால் சரி, கத்தி போலத் துருத்தினால் மெலிந்திருக்கிறது. மெலிந்த பறவைக்கு ஒரே நேரத்தில் நிறையக் கொட்டாமல் சிறிது சிறிதாக நான்கைந்து வேளை கொடுங்கள், பழைய தீவனத்திலிருந்து புதியதுக்கு ஒரு வாரம் எடுத்து மாற்றுங்கள். எச்சம் சாதாரணமாகப் பச்சைப் பழுப்பாக, நுனியில் வெள்ளையோடு இருக்கும். புல் துணுக்கு அப்படியே தெரிவதும் இயல்புதான்.

சிமென்ட் முற்றத்திலிருந்து வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பாதத்தைக் கழுவித் திருப்பிப் பாருங்கள். ஆரோக்கியமான பாதத்தின் அடி மென்மையாக, சின்னச் சின்னப் புடைப்போடு இருக்கும். நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு என்றால் அது பம்பிள்ஃபுட். கடினத் தரையில் உராய்ந்த இடத்தில் கிருமி நுழைந்து உள்ளே கட்டியாகிறது. பொருக்கு மட்டும் இருந்து வீக்கம் இல்லையென்றால் மெத்தென்ற படுக்கை, புல்தரை, நீந்தத் தண்ணீர் இவற்றிலேயே பெரும்பாலும் ஆறும். வெந்நீரில் உப்பு கரைத்து ஊறவைப்பதைப் பலர் பரிந்துரைப்பார்கள். மேல்பகுதி சுத்தமாகும், வலி குறையலாம், ஆனால் ஆழமாகப் போன கட்டியை அது கரைக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. காணொளி பார்த்துவிட்டுக் கத்தியால் கீறி எடுக்க முயலாதீர்கள். தசைநாணுக்கும் எலும்புக்கும் மிக அருகில் உள்ள இடம் அது, மயக்க மருந்தில்லாமல் செய்வது சித்திரவதை. இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பி நீட்டிக்கொண்டிருந்தால் அது ஏஞ்சல் விங். வளரும் பருவத்தில் மிகையான சத்துத் தீவனம் ஒரு காரணம் என்று பரவலாக ஏற்கப்படுகிறது. பரம்பரை, தாதுக் குறைபாடு இவற்றின் பங்கு என்ன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. குஞ்சுப் பருவத்தில் சில நாள் கட்டுப்போட்டால் திரும்பும், வளர்ந்த பறவையில் திரும்பாது. அதற்கு வலி இல்லை, பறக்க மட்டும் முடியாது. இதை ஒரு குறையாக எண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மாதம் முடிந்து சோதனை முடிவும் சரியாக இருந்தால், கோழிகளோடு வேலிக்கு இரு பக்கமும் ஒரு வாரம் பழக விட்டு, பிறகு பகலில் ஒன்றாக மேய விடலாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கூஸ் கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு வரும். ஓடினால் துரத்தும், உதைத்தால் பகை வளரும். நிமிர்ந்து நின்று கைகளை விரித்து, நிதானமாக அதன் பக்கமே ஓரடி எடுத்து வையுங்கள். சிறு குழந்தைகளை அந்த வாரங்களில் தனியே உள்ளே விடாதீர்கள், இறக்கை அடி பலமானது. முட்டைகளைத் தினமும் எடுத்துவிட்டுப் பொம்மை முட்டை வையுங்கள். எடுக்காவிட்டால் 28 முதல் 32 நாளில் குஞ்சு வந்துவிடும், வீடு தேடும் கூஸ்களின் எண்ணிக்கை கூடும். அடைகாக்கும் பெண் தீனியை மறந்து உட்கார்ந்திருக்கும், தினமும் ஒருமுறை எழுப்பித் தண்ணீருக்கு அழைத்துப் போங்கள்.

நீங்கள் ஒப்புக்கொள்ளும் முன் ஐந்து வேலைகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டாரிடம் சத்தத்தைப் பற்றி நேரே பேசுங்கள். விடியற்காலையில் இவை கத்தும், அதைக் குறைக்க வழி இல்லை. உங்கள் பகுதி விதிகளில் இந்தப் பறவைக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். வந்திருப்பவை வளர்ப்பு இனமா, காயம்பட்ட காட்டு வாத்தா என்பதும் தெளிவாகட்டும். காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்வது பல நாடுகளில் குற்றம், அதற்கு உரிய வனத்துறையோ உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லமோதான் பொறுப்பு. நீர்ப்பறவைக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். நோய் வந்த இரவில் தேடினால் கிடைக்க மாட்டார். கடைசியாக, மீட்பு இல்லத்தின் ஒப்பந்தத்தில் இந்த மூன்றும் உணவுக்காகக் கொல்லப்படாது என்பதும், உங்களால் வைத்திருக்க முடியாத நிலை வந்தால் வேறு யாருக்கும் கைமாற்றாமல் அவர்களிடமே திருப்பிக் கொடுப்பீர்கள் என்பதும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.